கடிதத்தோடு உறையும் இருக்கட்டும்

பட்டாளத்தில் இருந்தவர் வீட்டுக்கு எழுதிய கடிதக்கட்டு கையில் கிடைத்தால், பெரும்பாலானவர்கள் முதலில் உறைக்குள் இருக்கும் தாளை உருவி எடுத்துத் தனியாக அடுக்குகிறார்கள். உறைகள் குப்பைக்குப் போகின்றன. அடுத்து மணியார்டர் கூப்பன், ரயில் வாரண்டின் அடிக்கட்டை, லீவுச் சீட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு என ஒன்றுக்கும் உதவாது என்று தோன்றுவதையெல்லாம் கழித்துவிடுகிறார்கள். கடைசியாக, மிஞ்சியதில் பார்க்க நன்றாக இருப்பதை லேமினேட் செய்துவிடுகிறார்கள். இப்படிக் கைபட்ட கட்டில் பாசம் மிஞ்சியிருக்கும். அவர் எந்த மாதம் எங்கே இருந்தார், எந்தக் கடிதம் எதற்குப் பதில், நடுவில் எத்தனை கடிதம் தொலைந்தது என்பதெல்லாம் போயிருக்கும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போன இந்தியச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதினார்கள். இன்று நாம் அவற்றை அறிவது பெரும்பாலும் அங்கிருந்த தணிக்கை அலுவலகம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வைத்த பகுதிகள் வழியாகத்தான். அந்த அறிக்கைகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. வெள்ளைப் படையைச் செம்மிளகு என்றும் இந்தியப் படையைக் கருமிளகு என்றும் மறைபொருளாக எழுதியதைக்கூட, அதைக் கண்டுபிடித்த தணிக்கையாளரின் குறிப்பு வழியாகவே படிக்கிறோம். மூலக் கடிதங்களில் பிழைத்தவை மிகக் குறைவு. இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையில் 25 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். அவர்களின் மூலக் கடிதங்கள் பெரும்பாலும் எந்த அலுவலகத்திலும் இல்லை. அன்றைய வடார்க்காட்டிலும் சேலத்திலும் ராமநாதபுரத்திலும் இருந்த வீடுகளுக்கு வந்து சேர்ந்தவை, இருந்தால் இன்னும் அந்தக் குடும்பங்களிடம்தான் இருக்கும்.

கட்டை அவிழ்க்கும் முன்

முதலில் படம் எடுங்கள். டிரங்குப் பெட்டி மூடியிருக்கும் நிலையில் ஒன்று, திறந்தபடி ஒன்று, ஒவ்வொரு அடுக்கையும் எடுத்த பிறகு ஒன்று. மூடியில் வெள்ளைப் பெயிண்டால் எழுதிய எண், பதவி, பெயர், படைப்பிரிவு தெரியும்படி கிட்டத்தில் ஒன்று. அந்த எழுத்தும் ஒரு ஆவணம்தான். பெட்டிக்கு மறுபடி பெயிண்ட் அடித்துவிட்டால் அது போய்விடும்.

எது எதோடு சேர்ந்து கட்டியிருந்தது என்பதை மாற்ற வேண்டாம். வீட்டில் யாரோ ஒருவர், பெரும்பாலும் அவருடைய மனைவியோ தாயோ, ஒரு காரணத்தோடுதான் அப்படிக் கட்டி வைத்திருப்பார். திருமணப் பத்திரிகையோடு மூன்று கடிதம் சேர்ந்திருந்தால் அந்த மூன்றும் கல்யாணச் செலவைப் பற்றியதாக இருக்க வாய்ப்புண்டு. தேதிவாரியாக அடுக்க வேண்டுமானால் ஸ்கேன் செய்த பிறகு கணினியில் அடுக்கிக்கொள்ளலாம். தாள்கள் கிடைத்த வரிசையிலேயே இருக்கட்டும்.

ஒவ்வொரு தாளிலும் பின்பக்க மூலையில் 2பி பென்சிலால் சிறிதாக எண் போடுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம். ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம். கடிதத்துக்கு 14 என்றால் அதன் உறைக்கு 14-உறை, உள்ளே இருந்த புகைப்படத்துக்கு 14-படம். ஒரு நோட்டில் அல்லது கணினி அட்டவணையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: எண், என்ன பொருள், எழுதிய தேதி, போய்ச் சேர்ந்த முத்திரைத் தேதி, களத் தபால் நிலைய எண், யாருக்கு, யார் கை, இதற்கு முன் வந்ததாகச் சொல்லும் கடிதம். கடைசி இரண்டு கட்டங்களையும் பலர் விட்டுவிடுகிறார்கள். அவை ஏன் தேவை என்பது பின்னால் வரும்.

உறை சொல்வது

தணிக்கை இருந்த காலத்தில் கடிதத்துக்குள் ஊர்ப்பெயர் எழுதக் கூடாது. எழுதினால் மையால் அடித்துவிடுவார்கள் அல்லது பிளேடால் வெட்டி எடுத்துவிடுவார்கள். வெட்டிய இடத்தின் பின்பக்கத்தில் இருந்த வரியும் அதோடு போகும். ஆகவே இடத்தைத் தேட வேண்டியது உறையில். களத் தபால் நிலையத்தின் வட்ட முத்திரையில் ஊர்ப்பெயர் இல்லாமல் ஒரு எண்ணும் தேதியும் மட்டும் இருக்கும். அந்த எண்ணுடைய தபால் நிலையம் எந்த மாதத்தில் எங்கே இருந்தது என்பதைத் தபால்தலைச் சேகரிப்பாளர்கள் பொறுமையாகத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். தபால் நிலையம் படையோடு நகரும் என்பதால் எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். எண்ணையும் தேதியையும் சேர்த்துப் பார்த்தால்தான் இடம் கிடைக்கும். ஒரே எண் சில மாதங்கள் கழித்து வேறு நாட்டில் இருக்கலாம்.

உறையின் பின்பக்கம் நம் ஊர்த் தபால் நிலையம் குத்திய முத்திரை இருக்கும். இரண்டு முத்திரைக்கும் நடுவில் உள்ள நாட்கள்தாம் கடிதம் பயணப்பட்ட காலம். அது திடீரென்று கூடினால் படை நகர்ந்திருக்கலாம், கப்பல் பாதை மாறியிருக்கலாம், தணிக்கையில் தங்கியிருக்கலாம். கடிதங்கள் எழுதிய வரிசையில் வந்து சேர்ந்ததும் இல்லை. இதனாலேயே சிலர் கடிதத்தின் தலையில் தங்களுக்கென்று வரிசை எண் போட்டார்கள். அப்படி எண் இருந்தால் அதையே நம்புங்கள்.

தணிக்கை முத்திரையின் எண்ணையும் வடிவத்தையும் தனியாகக் குறியுங்கள். உலகப் போர்க் காலத்தில் பச்சை உறை என்று பெயர்பெற்ற சலுகை உறை ஒன்று இருந்தது. உள்ளே சொந்த, குடும்ப விஷயம் மட்டுமே இருக்கிறது என்று எழுதியவர் கையெழுத்திட்டால், அவருடைய சொந்தப் பிரிவின் அதிகாரி அதைப் பிரிக்க மாட்டார். களத்துக்குப் பின்னால் உள்ள ராணுவத் தளத்தில் வேண்டுமானால் பிரிப்பார்கள். தன் மேலதிகாரி படிக்கக் கூடாத ஒன்றை அவர் எழுதியிருக்கிறார் என்பதற்கு அந்த உறையே சாட்சி. அதற்குள் இருக்கும் கடிதத்தை மற்றவற்றைவிட மெதுவாகப் படியுங்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு '56 ஏ.பி.ஓ.' என்றும் கிழக்குப் பகுதிக்கு '99 ஏ.பி.ஓ.' என்றும் முகவரி வரும். இரண்டும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் உள்ள தலைமை ராணுவத் தபால் நிலையங்கள். கடிதம் அங்கே போய்ப் பிரிந்து எல்லைக்குப் போகும். முகவரியில் 56 என்று இருப்பதால் அவர் தில்லியில் இருந்தார் என்று குடும்ப வரலாற்றில் எழுதிவிடுகிறார்கள். அது தவறு.

தேதி அழிந்த உறையை வேறு அடையாளங்களால் மடக்கலாம். விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரல் 1க்கு முன் அச்சான தபால்தலை. 'நயா பைசா' என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடையில் வெளியானது. இன்லண்ட் லெட்டர் 1950ல் வந்தது. உலகப் போர்க் கட்டில் ஒரு இன்லண்ட் இருந்தால் அது பிற்காலத்தில் யாரோ செருகியது. 1971 நவம்பர் 15 முதல் 1973 மார்ச் வரை வங்கதேச அகதிகளுக்காக ஐந்து பைசா கூடுதல் தபால்தலை ஒட்ட வேண்டியிருந்தது. முதலில் ஏற்கெனவே இருந்த குடும்பக் கட்டுப்பாட்டுத் தபால்தலையின் மேல் அகதிகள் நிவாரணம் என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். வீட்டிலிருந்து அவருக்குப் போன உறையில் அது இருந்தால் காலம் உறுதி. முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் அந்த உறை 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தையது. 1971 டிசம்பர் போர்க் கடிதம் என்று வீட்டில் சொல்லிவரும் உறையில் பின்கோடு இருந்தால், தாள் வேறு உறைக்குள் மாறிப் போயிருக்கிறது என்று பொருள். தாளையும் உறையையும் பிரிப்பதால் வரும் கேடு இதுதான்.

மணியார்டர் கூப்பனை ஏன் எறியக் கூடாது என்பதும் இதோடு சேர்ந்தது. படிவத்தின் அடியில் செய்தி எழுதச் சின்ன இடம் இருந்தது. பணம் வாங்கியவர் அதைக் கிழித்து வைத்துக்கொள்வார். 'இதில் இருபது ரூபாய் செட்டியார் பாக்கிக்கு' என்கிற மாதிரி இரண்டு வரி இருக்கும். தேதி, தொகை, அனுப்பிய தபால் நிலையம் மூன்றும் அதில் பதிவாகியிருக்கும். கடிதத்தில் மழுப்பிச் சொன்ன சம்பள உயர்வும் கடனும் கூப்பன்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தொகை திடீரென்று கூடும் மாதத்தில் பதவி உயர்வு வந்ததா என்று பே-புக்கில் (சம்பளப் புத்தகத்தில்) தேடுங்கள். நின்றுபோகும் மாதத்தில் ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடுங்கள்.

இரண்டாம் உலகப் போரில் ஏர்கிராஃப் என்ற முறையும் இருந்தது. பெரிய படிவத்தில் எழுதியதைச் சிறு பிலிமில் படம் பிடித்து, பிலிமை விமானத்தில் அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் உள்ளங்கை அளவுக்குப் பிரிண்ட் போட்டுக் கொடுப்பார்கள். உங்களிடம் இருப்பது புகைப்படத் தாள். அதைக் காகிதக் கடிதங்களோடு நெருக்கி அடுக்காமல் புகைப்படங்களோடு வையுங்கள். ஈரம் பட்டால் பக்கத்துத் தாளோடு ஒட்டிக்கொள்ளும்.

தேதியும் எழுத்தும்

பழைய கடிதங்களில் தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருப்பது வழக்கம். போர் ஆண்டுகளுக்கு இந்த வரிசை போதும்: பிரமாதி 1939-40, விக்கிரம 1940-41, விஷு 1941-42, சித்திரபானு 1942-43, சுபானு 1943-44, தாரண 1944-45, பார்த்திப 1945-46. பின்னாளில் சீனப் போர் சுபகிருது, 1965 போர் விசுவாவசு, 1971 போர் விரோதிகிருது. சறுக்குவது எப்போதும் ஒரே இடத்தில்தான். ஆண்டு சித்திரையில் தொடங்குவதால் மார்கழியின் பிற்பாதியும், தை, மாசி, பங்குனி முழுவதும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். 'தாரண ௵ மாசி ௴ ௰௨ ௳', அதாவது மாசி 12, என்பது 1945 பிப்ரவரியின் பிற்பகுதி. அதை 1944 என்று பதிந்தால் பர்மாவில் இருந்தவரை ஓராண்டு பின்னுக்குத் தள்ளிவிடுவீர்கள்.

மேலே உள்ள ௵ ஆண்டையும், ௴ மாதத்தையும், ௳ நாளையும் குறிக்கும். ௹ ரூபாய், ௸ என்றால் மேற்படி. தமிழ் எண்களில் ௧, ௨, ௭, ௮ நான்கும் க, உ, எ, அ என்ற எழுத்துகளைப் போலவே இருக்கும். தலையில் தனியாக இருக்கும் உ பிள்ளையார் சுழி. அதைப் பக்க எண் இரண்டு என்று பதிந்து, முதல் பக்கம் தொலைந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பெறுபவர் பெயருக்கு முன் வரும் 'ம-௱-௱-ஸ்ரீ' வெறும் மரியாதை அடைமொழி.

எழுத்து பிடிபடவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இவைதான்: புள்ளி வைக்காமல் எழுதுவது, ரகரமும் துணைக்காலும் ஒரே கோடாக இருப்பது, எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டாமல் விடுவது, சொற்களுக்கு இடையில் இடம் விடாதது. 1978க்கு முந்தைய ணை, லை, னை வடிவங்களும் ணா, றா, னா வடிவங்களும் இன்றைய பள்ளி எழுத்தில் இல்லை. ஒரு கடிதத்தை முழுதாகப் பார்த்து, அதே கையின் எழுத்துகளைத் தனித் தாளில் ஒரு அட்டவணையாக வரைந்துகொண்டால் அடுத்தடுத்த கடிதங்கள் வேகமாக நகரும். வாய்விட்டுப் படியுங்கள். புள்ளியும் இடமும் இல்லாத எழுத்தைக் கண்ணைவிடக் காது சீக்கிரம் பிரித்துவிடும்.

தட்டச்சு செய்யும்போது பிழை திருத்த வேண்டாம். 'சவுக்கியம்', 'சௌக்யம்', 'செளக்கியம்' எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். எழுத்துப் பழக்கத்தை வைத்துத்தான் கை மாறியதைக் கண்டுபிடிக்க முடியும். தெரியாத சொல்லுக்குச் சதுர அடைப்பில் கேள்விக்குறி, தணிக்கை வெட்டிய இடத்துக்கு 'வெட்டு, சுமார் 4 செ.மீ.' என்று போடுங்கள். பல்டன், லங்கர், சுட்டி, தர்பார் போன்ற பட்டாளத்துச் சொற்களுக்குத் தனிப் பட்டியல் வைத்துக்கொண்டால் பேரப்பிள்ளைகளுக்கு உதவும்.

யார் எழுதினார், யார் படித்தார்

அட்டவணையில் 'யார் கை' என்ற கட்டம் எதற்கு என்றால், எழுதப் படிக்கத் தெரியாத சிப்பாய் தோழனிடம் சொல்லி எழுத வைத்தார். கடைசியில் 'இதை எழுதுபவன் உங்கள் எல்லோருக்கும் நமஸ்காரம் சொல்கிறான்' என்று ஒரு வரி வரும். அல்லது கையொப்பம் மட்டும் தடுமாறிய எழுத்தில் இருக்கும். எழுதிக்கொடுத்த அந்தத் தோழன் மாற்றலாகிப் போனாலோ இறந்துபோனாலோ கை மாறும். சில கட்டுகளில் இரண்டு மூன்று ஆண்டுகளில் அவரே எழுதப் பழகிக்கொண்டது கண்ணுக்குத் தெரியும். எனக்கு இந்தக் கட்டுகளிலேயே மிகவும் மதிப்பு மிக்கதாகத் தோன்றுவது அதுதான். எந்தச் சான்றிதழிலும் அது ஏறியிருக்காது.

வீட்டிலும் இப்படித்தான். தபால்காரரோ வாத்தியாரோ திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படித்தார். நாலு பேர் கேட்கும் கடிதத்தில் மனைவிக்கென்று தனியாக ஒன்றும் எழுத முடியாது. கடிதம் தகப்பனாருக்கு இருக்கும், விசாரிப்பு முறைவைத்து வரும், குழந்தையின் பெயரைச் சொல்லி 'அதன் தாயார்' என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரி எங்கே வருகிறது, எவ்வளவு நீளம், எந்தக் கடிதத்தில் இல்லை என்று பாருங்கள். போரைப் பற்றி ஒன்றுமே இல்லையே என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. தணிக்கையும் இருந்தது, வீட்டாரைக் கலங்க வைக்க வேண்டாம் என்ற எண்ணமும் இருந்தது. அதனால் மழை, கிணறு, மாடு, தங்கை கல்யாணம், கடன் வட்டி என்றுதான் எழுதினார்கள். பல்லாயிரம் மைல் தள்ளியிருந்தும் ஒரு குடும்பத்தை நடத்தினார்கள். அதன் கணக்குகள் இந்தக் கடிதங்களில் இருக்கின்றன.

வீட்டிலிருந்து அவருக்குப் போன கடிதங்கள் பெரும்பாலும் பிழைத்திருக்காது. நகர்ந்துகொண்டே இருந்தவரால் வைத்துக்கொள்ள முடியவில்லை. ஆனால் அவர் எழுதியவற்றில் 'தங்கள் ஐப்பசி பதினைந்தாம் தேதிக் கடிதம் நேற்றுக் கிடைத்தது' என்று வரும். அப்படி வரும் ஒவ்வொன்றையும் கடைசிக் கட்டத்தில் பதியுங்கள். கையில் இல்லாத கடிதங்களுக்கும் ஒரு பட்டியல் உருவாகிவிடும். எந்த மாதங்களில் ஊரிலிருந்து பதிலே போகவில்லை என்பதும் தெரியும்.

சான்றிதழ்களும் பதக்கமும்

எதைவிடவும் முக்கியமானது அவருடைய படை எண். பெயர் நம்ப முடியாதது. ஆறுமுகம் என்பது ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதப்பட்டிருக்கும். தகப்பனார் பெயர் ஒரு இடத்தில் முன்னும் ஒரு இடத்தில் பின்னும் வரும். சாதாரணச் சிப்பாயாக இருந்தவர் ஜே.சி.ஓ. (இளநிலை அதிகாரி) ஆனதும் 'ஜே.சி.' என்று தொடங்கும் புது எண் கிடைத்திருக்கும். ஒரே ஆளுக்கு இரண்டு எண் இருப்பதைப் பார்த்து இரண்டு பேர் என்று நினைத்துவிட வேண்டாம்.

டிஸ்சார்ஜ் புத்தகத்தில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, காரணம், உடல் அடையாளம், பதக்கங்கள், கிராமமும் தாலுகாவும் இருக்கும். பழைய ஜில்லாப் பெயரை அப்படியே பதிந்து, பக்கத்தில் இன்றைய மாவட்டத்தை எழுதுங்கள். வடார்க்காடும் சேலமும் பிரிந்து பல மாவட்டங்கள் ஆகிவிட்டன. மேலும் விவரம் வேண்டுமானால் அந்தந்தப் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுதலாம்: மதராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரி வெலிங்டன், மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைக்குப் பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸ் என்ற தகவல் தொடர்புப் படைக்கு ஜபல்பூர். எண், பதவி, பெயர், தகப்பனார் பெயர், கிராமம், சேர்ந்த ஆண்டு, உங்களுக்கு என்ன உறவு என்பதற்கான சான்று எல்லாம் முதல் கடிதத்திலேயே இருக்கட்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் எழுதித் தர உதவும். ஓய்வூதியம் இல்லாமல் விலகியவர்களின் கோப்புகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழித்துவிடுவது வழக்கம். உலகப் போருக்கென்று சேர்த்து 1946ல் வீட்டுக்கு அனுப்பியவர்களில் பெரும்பாலோர் அந்த வகைதான். அவர்களுக்கு வீட்டில் இருக்கும் டிஸ்சார்ஜ் புத்தகம் ஒன்றுதான் கடைசிப் பிரதியாக இருக்கக்கூடும்.

போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் எண்ணை வைத்துத் தேடுங்கள். பர்மாவில் இறந்து கல்லறை தெரியாதவர்களின் பெயர் தாவுக்யான் கல்லறைத் தோட்டத்தில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில் இருக்கும். மலேயா, சிங்கப்பூர் பக்கம் இறந்தவர் என்றால் கிராஞ்சியில் உள்ள சிங்கப்பூர் நினைவுச் சின்னம். 1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் வீழ்ந்த பிறகு அங்கே கைதானவரிடமிருந்து வந்த கடிதமென்றால், சில வரிகளுக்கு மேல் எழுத இடமில்லாத அச்சடித்த போர்க் கைதி அட்டையாக இருக்கும். அதில் சொந்தச் சொல் ஒன்றிரண்டுதான் இருக்கும்.

பதக்கத்தைப் புளி போட்டோ சாம்பல் போட்டோ பிராஸோ பாலிஷ் போட்டோ தேய்க்காதீர்கள். இரண்டாம் உலகப் போரின் பதக்கங்கள் பிரிட்டிஷ் படையினருக்குப் பெயரில்லாமல் கொடுக்கப்பட்டன. இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றில் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். வட்டப் பதக்கமானால் விளிம்பில், நட்சத்திரமானால் பின்பக்கம். தீபாவளிக்குத் தீபாவளி தேய்த்தால் முதலில் அந்த எழுத்துதான் மழுங்கும். பதக்கம் தொலைந்து ரிப்பன் மட்டும் இருந்தாலும் வையுங்கள். நிறக்கோடுகளை வைத்து எந்தப் பதக்கம் என்று சொல்லிவிடலாம்.

தாளைக் கெடுப்பவை

லேமினேஷனை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதைத் திருப்ப முடியாது. சூட்டில் உருகிய பிளாஸ்டிக் தாளின் இழைக்குள் இறங்கிவிடும். தாளில் உள்ள அமிலம் உள்ளேயே இருந்து அரிக்கும். பிரிக்க முயன்றால் எழுத்தோடு வரும். செல்லோடேப்பும் இப்படித்தான்: சில ஆண்டுகளில் பிசின் பழுப்பாகி மையைக் கரைக்கும். ஏற்கெனவே ஒட்டியதை இழுக்காமல் விட்டுவிடுங்கள். ஆவணப் பாதுகாப்பு தெரிந்தவர் எடுக்கட்டும்.

போர்க்களத்தில் பேனாவைவிடக் காப்பியிங் பென்சில் அதிகம் புழங்கியது. உலர்ந்திருக்கும்போது சாதாரணப் பென்சில் போலச் சாம்பல் நிறம்; உள்ளே ஊதாச் சாயம். ஒரு துளி ஈரம் பட்டால் எழுத்து ஊதாவாகப் பரவிவிடும், மறுபடி சேராது. பூதக்கண்ணாடியில் ஊதாப் புள்ளிகளோ, விரல் வியர்வை பட்ட இடத்தில் ஊதாக் கறையோ தெரிந்தால் அதுதான். இந்தக் கடிதங்களைச் சுருக்கம் நீக்க ஈரப்படுத்தவே கூடாது. எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் பழக்கமும் இங்கே ஆகாது. மற்ற தாள்களை, மை கரையாது என்று உறுதியானால், மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியின் அடியில் ஈர உறிஞ்சுதாளும் அதற்கு மேல் தொடாதபடி ஒரு வலையும் வைத்து, வலையின் மேல் ஓரிரு மணி நேரம் வைத்தால் மடிப்பு இளகும். பிறகு இரண்டு உலர்ந்த உறிஞ்சுதாளுக்கு இடையில் தட்டையான பாரம் வைத்து ஒரு இரவு. இஸ்திரிப் பெட்டி வேண்டாம்.

துருப்பிடித்த குண்டூசியை உருவக் கூடாது. துரு தாளைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஊசிக்கும் தாளுக்கும் நடுவில் மெல்லிய பாலியஸ்டர் துண்டைச் செருகி, ஊசியை மெதுவாக அசைத்துத் துருவை விடுவித்த பிறகு எடுங்கள். ஸ்டேப்பிள் என்றால் பின்பக்கக் கால்களை நிமிர்த்திவிட்டு. ரப்பர் பேண்டு உருகி ஒட்டியிருந்தால் உலர்ந்து உதிர்வதை மட்டும் எடுங்கள்.

இரும்பு டிரங்குப் பெட்டி கரையானைத் தடுக்கும், ஈரத்தைத் தடுக்காது. வெளியே குளிரும்போது உள்பக்கத்தில் வேர்க்கும். தரையிலிருந்து குறைந்தது 15 செ.மீ. உயரத்தில், வெளிச்சுவரை ஒட்டாமல் வையுங்கள். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை வரும். 45 முதல் 55 வரை இருந்தால் நல்லது. ஈரமானி ஒன்றைப் பெட்டிக்குள்ளேயே போட்டுவையுங்கள். சிலிக்கா ஜெல் இறுக்கமாக மூடும் பெட்டியில் மட்டுமே வேலை செய்யும். மூடி சரியாக உட்காராத டிரங்கில் அது சில நாளில் ஊறிப்போய்ச் சும்மா கிடக்கும். ஒவ்வொரு கடிதத்தையும் அதன் உறையோடு சேர்த்து அமிலமற்ற தாளில் மடித்து, அட்டைப் பெட்டியில் வைத்து, கஞ்சி போடாத துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியால் சுற்றிப் பிறகு டிரங்கில் வைக்கலாம். பிளாஸ்டிக் உறை வேண்டுமானால் பாலியஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன்; கெட்ட வாடை வரும் மலிவான பி.வி.சி. உறை மையை உரித்து எடுத்துக்கொள்ளும்.

வேப்பிலையும் வசம்பும் தாளைத் தொட்டால் கறை பிடிக்கும். நாப்தலீன் உருண்டை மூச்சுக்கு நல்லதல்ல, பூச்சியையும் முழுதாகக் கொல்லாது. பூச்சி ஓடியிருந்தால் கட்டை இரண்டு பாலிதீன் பைகளில் காற்றை வெளியேற்றி இறுக்கிக் கட்டி, டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு ஒரு நாள் முழுவதும் பையைத் திறக்காதீர்கள்; திறந்தால் காற்றின் ஈரம் தாளில் படியும். பூஞ்சை பிடித்ததை வெயிலில் காயவைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. வெயில் சாய மையை வெளுத்துவிடும். நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்தி, முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே மென்தூரிகையால் துடையுங்கள். வெள்ளத்தில் நனைந்தால் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை தொடங்கும். அதற்குள் உலர்த்த முடியாது என்றால் பிரிக்காமல் அப்படியே உறைய வையுங்கள்.

ஸ்கேனும் பகிர்வும்

கடிதம் 400 டிபிஐ, புகைப்படம் 600, சின்னப் பாஸ்போர்ட் படமும் ஏர்கிராஃபும் 1200. எல்லாம் வண்ணத்தில்; கறுப்பு வெள்ளையில் எடுத்தால் ஊதாப் பென்சிலும் தணிக்கையாளரின் சிவப்புக் கோடும் ஒன்றாகிவிடும். வெற்றுப் பின்பக்கத்தையும் உறையின் இரண்டு பக்கத்தையும் விடாதீர்கள். மூலக் கோப்பு டிஃப் வடிவில், அனுப்புவதற்கு ஜேபெக். செல்பேசியில் எடுப்பதானால் ஸ்கேன் செயலியின் 'மேம்படுத்து' வசதியை அணைத்துவிடுங்கள். அது மங்கிய முத்திரையைப் பின்னணி அழுக்கு என்று அழித்துவிடும். மங்கிய பென்சிலுக்குப் பக்கவாட்டில் தாழ்வாக விளக்கு வைத்து இன்னொரு படம் எடுங்கள். அழுத்திய தடம் நிழலாகத் தெரியும். கோப்புப் பெயர் ஆண்டு-மாதம்-நாள்-எண் என்ற வரிசையில் இருக்கட்டும், தேதி தெரியாவிட்டால் பூஜ்யங்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு வீட்டில். பென்டிரைவை மட்டும் நம்ப வேண்டாம்.

முகநூலில் போடும் முன் ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு, உயிரோடிருக்கும் விதவைத் தாயாரின் முகவரி ஆகியவற்றை மறையுங்கள். கடிதங்களில் கடன்காரர் பெயரும் பங்காளிச் சண்டையும் யாருடைய பெண்ணை யார் கேட்டார்கள் என்பதும் இருக்கும். அந்தக் குடும்பங்கள் இன்னும் பக்கத்துத் தெருவில் இருக்கின்றன. தாள் யாரிடம் இருக்கிறதோ அவருக்கே பதிப்புரிமையும் சொந்தம் என்பதில்லை. அது எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. அண்ணன் தம்பிகள் எல்லோருடைய சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

வீட்டில் வைத்துப் பார்க்க ஆளில்லை என்றால் வெலிங்டன், பெங்களூரு போன்ற ரெஜிமெண்ட் அருங்காட்சியகங்கள் உண்டு, சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் உண்டு. கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை: கட்டைப் பிரிக்காமல் ஒரே தொகுப்பாக வைப்பார்களா, பதக்கம் ஒரு இடத்துக்கும் கடிதம் ஒரு இடத்துக்கும் போய்விடுமா, ஸ்கேன் பிரதி நமக்குக் கிடைக்குமா, எத்தனை ஆண்டுகளுக்குச் சில கடிதங்களை மூடி வைக்கச் சொல்லலாம். நீங்கள் போட்ட அட்டவணையின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள். பட்டியலில் உள்ள எண்ணிக்கையும் பெட்டிக்குள் இருப்பதும், உறைகளும் கூப்பன்களும் உட்பட, ஒத்துப்போகிறதா என்று இரு தரப்பும் உட்கார்ந்து எண்ணிய பிறகே ஒப்புகைச் சீட்டில் கையெழுத்துப் போடுங்கள்.